சேலத்து மண்ணில் ஒரு புதிய கற்காலப் பானை: பிசைவது முதல் உடைத்துப் பார்ப்பது வரை

சேர்வராயன் மலை அடிவாரத்தில் உழுது போட்ட காட்டில் சாம்பல் நிற ஓட்டுச் சில்லு ஒன்று கிடக்கிறது. அது நாலாயிரம் வருடத்துப் பொருளா, போன பொங்கலுக்கு உடைந்த சட்டியா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்றைக்குச் சந்தையில் விற்கும் கருப்புச் சட்டியும் புகையில் மூட்டம் போட்டுச் சுட்டதுதான். சில்லின் உடைந்த விளிம்பைப் படிக்கத் தெரிந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அதற்குப் படம் பார்த்துப் பயனில்லை. பழைய முறையில் ஒரு பானையைக் கையால் கட்டி, திறந்த நெருப்பில் சுட்டு, அதில் சமைத்து, பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும். மண் ஊறுவதில் தொடங்கி உடைப்பது வரை மூன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். செலவு வறட்டிக்கும் வண்டி வாடகைக்கும்தான்.

எந்தப் பானையைப் பார்த்துச் செய்கிறோம்

தென்னிந்தியப் புதிய கற்காலம் சுமார் கி.மு. 3000-இல் கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் தொடங்குகிறது. ஆடு மாடு வளர்த்து, கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் விளைவித்த மக்கள் அவர்கள். வடக்கே மாட்டுச் சாணம் குவிந்து எரிந்த சாம்பல் மேடுகளை விட்டுச் சென்றார்கள். தமிழ்நாட்டில் அந்த மேடுகளைத் தேட வேண்டாம். இங்கே அடையாளம் வழவழப்பான கற்கோடரியும் கைப்பானையும்தான்.

சேலத்துக்காரர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் வடக்கே இருக்கின்றன. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. தரையில் தோண்டிய குழி வீடுகள், அவற்றின் ஓரத்தில் கம்பம் நட்ட குழிகள், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும், மெருகேற்றிய சாம்பல் நிறப் பானை ஓடுகள் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்த மாதிரிகள் இரும்பின் காலத்தையே கி.மு. 2172 வரை பின்னால் கொண்டுபோனதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. இரும்புக்கு முந்திய கைப்பானைகள் கிடக்கும் மண்ணடுக்கு அதைவிடப் பழையது என்று ஆகிறது. ஆகவே பழைய புத்தகங்களில் இருக்கும் ஆண்டுகளைப் பென்சிலால் குறித்துக்கொள்வதே நல்லது.

செய்யப்போவது 18 செ.மீ. விட்டம், 7 மி.மீ. கனம், உருண்டை அடி, லேசாக வெளியே மடிந்த விளிம்பு கொண்ட சமையல் பானை. சக்கரம் கிடையாது. பிற்கட்டத்தில் மெதுவாகச் சுற்றும் தட்டு வந்தது என்றாலும் முதல் பானைக்கு அது வேண்டாம்.

மண்

ஏரி வண்டல்தான் அடிப்படை. தை முதல் பங்குனி வரை ஏரி வற்றும்போது எடுத்தால் உலர்ந்த கட்டியாகவே கிடைக்கும். அனுமதி இல்லாமல் ஏரியில் மண்வெட்டி வைக்கக் கூடாது. பானை செய்யும் குடும்பங்களிடம் பத்து கிலோ வாங்கிக்கொள்வது எளிது. எந்த ஏரி மண் வெடிக்கும், எது வெடிக்காது என்பதும் அவர்களுக்கு மனப்பாடம்.

நான்கு பானைக்குக் கணக்கு: இடித்துச் சலித்த உலர் மண் 5 கிலோ, மணல் 1 கிலோ, தண்ணீர் ஏறக்குறைய 1.7 லிட்டர். ஒரு பானைக்கு ஈரமண் ஒன்றரைக் கிலோ போகும். மீதி சோதனைத் துண்டுகளுக்கு. ஒரு பானை போதுமே என்று நினைக்க வேண்டாம். நான்கில் ஒன்றாவது சூளையில் போகும்.

சலிப்பதற்கு முன் மூன்று சோதனைகள். கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் இறங்குவது மணல். மணிக்கணக்கில் கலங்கி நிற்பது களி. மணல் பாதிக்கு மேல் இருந்தால் அந்த மண் வேண்டாம். அடுத்து, பிசைந்த மண்ணைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றுங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்ல களி. மூன்றாவதாக, ஒரு பட்டை தட்டி அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9.3 ஆனால் சுருக்கம் 7 சதவீதம், கவலையில்லை. 9-க்குக் கீழே போனால் பானை கட்டாயம் வெடிக்கும், மணலைக் கூட்ட வேண்டும்.

சேலத்து மண்ணுக்கென்று ஒரு தனி வில்லங்கம் உண்டு: சுக்கான் கல். மிளகளவு வெள்ளைக் கட்டியாக மண்ணில் கலந்திருக்கும். நெருப்பில் அது சுண்ணாம்பாக மாறும். சுட்ட அன்றைக்குப் பானை அழகாகவே இருக்கும். நாலைந்து நாள் கழித்துக் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, மேல்தோலைக் காசு காசாகத் தள்ளிவிடும். விழுந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான், சூளையைத் திட்டிப் பயனில்லை. ஒரு மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்தால் பெரும்பகுதி போய்விடும். சந்தேகமான கட்டியில் ஒரு சொட்டுக் கழிப்பறை ஆசிட் விட்டால் பொங்கி நுரைக்கும் (கையுறையும் திறந்த வெளியும் அவசியம்). சுண்ணாம்புக்கரடு பக்கத்து வெள்ளைக் கல்லான மேக்னசைட் குளிர்ந்த ஆசிட்டில் அப்படிப் பொங்காது. நுரை வரவில்லை என்பதற்காக அதை மண்ணில் விட்டுவிட வேண்டாம், அதையும் பொறுக்கி எடுங்கள்.

மணல் எதற்கு? களி சுருங்கும்போது மணல் சுருங்காது, அதனால் விரிசல் ஓடாது. நீராவி வெளியேறவும் வழி கிடைக்கும். ஓடை மணலை அரை மி.மீ. அளவுக்குச் சலித்து எடுங்கள். கஞ்சமலை அடிவார ஓடைகளில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் கலந்து வரும். அது கெடுதல் செய்யாது. ஆனால் உடைந்த விளிம்பில் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சில்லின் மண் எந்தப் பக்கத்தது என்று ஊகிக்க இப்படிப்பட்ட மணிகள்தான் உதவும்.

உலர்ந்த மண்ணும் மணலும் சீராகக் கலந்த பிறகே தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரக்களியில் மணலைக் கொட்டினால் திட்டுத் திட்டாகவே நிற்கும். மிதித்துப் பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு உருண்டையைக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் காற்றுக்குழி இருந்தால் மறுபடி பிசையத்தான் வேண்டும்.

கட்டுதல்

அடிக்கு 400 கிராம் மண்ணை அப்பமாகத் தட்டி, சாம்பல் தூவிய பழைய சட்டிக்குள் அமர்த்துங்கள். உருண்டை அடிக்கு அந்தச் சட்டியே அச்சு. சாம்பல் தூவ மறந்தால் பானை அச்சை விட்டு வராது. விரல் கனத்துக்குத் திரி உருட்டி, அப்பத்தின் ஓரத்தில் சுற்றி வைத்து, உள்பக்கம் மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கம் கீழிருந்து மேலாகவும் இழுத்து அழுத்துங்கள். ஒரே பக்கம் இழுத்தால் தையல் பிடிக்காது. இரண்டு திரி ஏற்றியதும் முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஐந்தாறு திரியை ஒரே மூச்சில் ஏற்றினால் வயிறு தொங்கிப் பானை உட்கார்ந்துவிடும். நிறுத்தும்போது மேல் விளிம்பை ஈரத்துணியால் மூடுங்கள். காய்ந்த விளிம்பின் மேல் ஈரத் திரி வைத்தால் அந்தத் தையலில்தான் பிறகு பானை பிளக்கும்.

சுவர் ஏறியபின், உள்ளே ஒரு உருண்டைக் கல்லைத் தாங்கலாகப் பிடித்து வெளியே மரப்பலகையால் மெல்லத் தட்டுங்கள். கனம் சமமாகும், திரிகளுக்கு இடையிலிருந்த காற்றும் போகும். உள்பக்கம் கல் பதிந்த ஆழமில்லாத குழிகளைத் தடவி விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். களத்தில் இது வேண்டியிருக்கும்.

விளிம்பைக் கடைசியாக ஈரத் துணியால் மடியுங்கள். கையால் மடித்த விளிம்பு ஒரு இடத்தில் 6 மி.மீ., இன்னொரு இடத்தில் 9 மி.மீ. என்றுதான் வரும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். நமக்கு வேண்டியதே அந்தச் சமமின்மைதான்.

மெருகு

நகம் பதியும், விரல் பதியாது என்ற பதத்தில் மெருகேற்ற வேண்டும். வழவழப்பான கூழாங்கல்லால் ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே போங்கள். ஈரம் அதிகமானால் கல் மண்ணை இழுத்துக்கொண்டு போகும், காய்ந்துவிட்டால் கீறும். ஒரு பானைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். தேய்த்த ஒவ்வொரு கோடும் மெல்லிய பட்டையாக நிற்கும். பழைய சாம்பல் நிற ஓட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரிவது இதே பட்டைகள்தான்.

உலர்த்துதல்

நிழலில் ஏழிலிருந்து பத்து நாள். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் இரட்டிப்பு நாள் ஆகும். சித்திரை அனல் காற்றில் விளிம்பு முதலில் காய்ந்து, வயிறு ஈரமாகவே நின்று, விளிம்பிலிருந்து செங்குத்தாக விரிசல் இறங்கும். விளிம்பில் ஈரத்துணி சுற்றி வைத்தால் தப்பிக்கும். காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை. சமையலறைத் தராசு இன்னும் நம்பகமானது: ஒன்றரைக் கிலோப் பானை சுமார் 300 கிராம் இழக்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாவிட்டால் சூளைக்குத் தயார்.

சூளை

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். அதுவும் முதல் இருபது நிமிடத்தில். பானைக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற நேரமில்லாமல் ‘டப்’பென்று சுவரைத் தட்டுத் தட்டாகப் பிய்த்து எறியும்.

மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் இருட்டில் பானையின் நிறம் தெரியும். நான்கு பானைக்கு ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழம் உள்ள குழி, ஐம்பது வறட்டி, கொஞ்சம் சுள்ளி, இரண்டு வாளி உமி, ஒரு கூடைச் சாம்பல், மூடுவதற்கு ஈரமண். முதலில் குழியில் ஒரு மணி நேரம் சிறு தீ மூட்டி நிலத்தின் ஈரத்தை எடுங்கள். அந்தத் தணலைச் சுற்றி இரண்டடி தள்ளிப் பானைகளை வைத்து, திருப்பித் திருப்பிக் காட்டி, இரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல நெருங்குங்கள். மேலே தெளித்த தண்ணீர் சுர்ரென்று போனால் ஈரம் தீர்ந்தது.

தணலின் மேல் வறட்டி பரப்பி, பழைய ஓடுகளைத் தாங்கலாக வைத்து, பானைகளைக் கவிழ்த்து அடுக்குங்கள். சுற்றியும் மேலும் வறட்டி. எல்லாப் பக்கமும் சேர்ந்து பற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காற்று அடித்தால் பானையின் அந்தப் பக்கம் மட்டும் சிவந்து விரிசல் விடும். பனை ஓலைத் தட்டி ஒன்றை மறைப்பாக நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் போல எரிந்ததும் பானை மங்கிய சிவப்பாக ஒளிரும். அப்போது வெப்பம் 600-லிருந்து 700 டிகிரி. களியோடு வேதியியலாகப் பிணைந்த நீர் ஏறக்குறைய 450-க்கு மேல்தான் வெளியேறத் தொடங்கும். அதற்குக் கீழே சுட்டது பானையே அல்ல, தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும்.

சிவந்து ஒளிரும்போதே உமியை வாரிப் போட்டு, மேலே சாம்பல், அதன் மேல் ஈரமண் மூடுங்கள். காற்று நின்றதும் உமி எரிய முடியாமல் புகைந்து, அந்தக் கரி பானைச் சுவருக்குள் இறங்கும். சாம்பல் நிறமும் கருப்பும் வருவது இதனால்தான். காற்று தாராளமாகப் போயிருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவந்து செம்பானையாகியிருக்கும். எங்கே புகை கசிகிறதோ அங்கே இன்னொரு கை மண். காலை வரை தொடக் கூடாது. இரவு பதினொரு மணிக்கு ஆசை தாங்காமல் கிளறினால் குளிர்காற்று பட்டுக் கீறும், பட்ட இடம் திட்டாகச் சிவக்கும்.

விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் எங்கோ விரிசல், அல்லது வேக்காடு போதவில்லை. ஒரு சோதனைத் துண்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

பழைய சாம்பல் பானைகள் சிலவற்றின் விளிம்பில் செங்காவிப் பூச்சு இருக்கும். கர்நாடகத்துப் பிரம்மகிரி அகழாய்விலும் இது கிடைத்திருக்கிறது. அது சுட்ட பிறகு பூசியது. காவிக்கல்லைத் தண்ணீரில் உரசி விளிம்பில் தீட்டுங்கள். நெருப்பு காணாததால் ஈர விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். களத்தில் கிடைத்த ஓட்டை ஆர்வத்தோடு பிரஷ் போட்டுக் கழுவுபவர்கள் தொலைப்பது இந்தக் காவியைத்தான்.

கொள்ளு வேகவைத்தல்

இந்தச் சூட்டில் வெந்த பானை கசியும், அது குறையல்ல. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அடர்த்தியான அரிசிக் கஞ்சியை இரண்டு முறை காய்ச்சினால் துளைகள் அடைபடும். பிறகு இரவே ஊறவைத்த கொள்ளு கால் கிலோ, மூன்று கல், சிறு தீ. சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி போய்விடும், வெந்நீர்தான் சேர்க்க வேண்டும். வெளிப்புறத்தில் கரி எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள்: கற்கள் தாங்கிய மூன்று இடமும் வெளுத்தும், வயிறு கருத்தும் இருக்கும். பத்துத் தடவை சமைத்தால் இந்தக் கோலம் அழுத்தமாக விழும். சூளைப் புகையின் கருப்பு சுவருக்குள் இருக்கும், அடுப்புக் கரி மேலே ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும்.

உடைத்துப் பார்த்தல்

பானையைச் சாக்கில் சுற்றி ஒரு தட்டு. விளிம்பு, தோள், வயிறு, அடி என்று சில்லுகளைப் பிரியுங்கள். இப்போது பார்க்க வேண்டியவை.

கையால் கட்டிய பானை திரித் தையலோடு கிடைமட்டமாக உடையும். உடைந்த விளிம்பு சில இடத்தில் குழிந்தோ உருண்டோ இருக்கும். சில்லின் கனம் ஓரத்துக்கு ஓரம் மாறும். குறுக்கு வெட்டில் வெளிப்புறம் சாம்பல், நடுவில் கருப்பு என்று பட்டைகள் தெரிந்தால், கொஞ்ச நேரமே எரிந்த திறந்த சூளை என்று அர்த்தம்.

உள்பக்கம் கல் பதிந்த குழி இருப்பதால் மட்டும் பழைய கைப்பானை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்றைய பானைக்காரர்களும் சக்கரத்தில் வாயையும் கழுத்தையும் எடுத்துவிட்டு, அடியைப் பலகையால் தட்டித்தான் உருண்டையாக்குகிறார்கள். அதனால் வயிற்றுச் சில்லு பொய் சொல்லும், விளிம்புச் சில்லு பொய் சொல்லாது. விளிம்பின் உள்புறம் மயிரிழை போன்ற இணைகோடுகள் சீராகச் சுற்றினால் சக்கரம்.

உள்ளும் மேல்பாதியும் கருப்பு, கீழ்ப்பாதி சிவப்பு, மெல்லிய சுவர், கண்ணாடி போல் வழவழப்பு என்றால் அது கருப்பு சிவப்புப் பானை. பெரும்பாலும் இரும்புக்காலத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் இறந்தவர்களுக்குப் பெருங்கற்களால் எழுப்பிய ஈமச்சின்னங்கள் சேலம் மாவட்டத்தில் ஏராளம் என்பதால் காலில் முதலில் இடறுவது இதுவாகவே இருக்கும்.

விளிம்புச் சில்லிலிருந்து வாயின் அகலத்தைக் கணக்கிட ஒரு வழி. சில்லின் இரு முனைகளுக்கு இடையே நேர்த்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த நேர்கோட்டின் நடுவிலிருந்து வளைவின் உச்சி வரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நேர்த்தூரத்தின் வர்க்கத்தை எட்டு மடங்கு உயரத்தால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நேர்த்தூரம் 8, உயரம் 1 என்றால் 64-ஐ 8-ஆல் வகுக்க 8, கூட்டல் அரை, ஆரம் 8.5, வாயின் விட்டம் 17 செ.மீ. நீங்கள் உடைத்த பானையின் விட்டம் உங்களுக்கே தெரியும். ஐந்தாறு சில்லில் கணக்குப் போட்டு எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள். விரல் நீளமுள்ள சிறு சில்லுகள் தாறுமாறாகத்தான் விடை சொல்லும்.

மலையில்

கோடரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டோலரைட் போன்ற கரும்பச்சைக் கல்லில் செதில் எடுத்து, கொத்தி, தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்த்த முக்கோண வடிவக் கற்கள் இவை. பலவற்றில் வெட்டும் முனை மட்டுமே வழவழப்பாக இருக்கும். அதைப் பாதியில் விட்ட வேலை என்று நினைக்க வேண்டாம், வெட்டுவதற்கு அது போதும். ஏற்காட்டில் குடியிருந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய தொல்பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலை ஊர்களில் நிலத்தில் கிடைத்த கோடரிகளைப் பிள்ளையாராக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. அங்கே போனால் ஊர்க்கவுண்டரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். எடுத்துக் கழுவி அளவெடுப்பதெல்லாம் வேண்டாம்.

காட்டில் கிடக்கும் சில்லையும் எடுத்துப் பையில் போடாதீர்கள். அளவுகோல் வைத்துப் படம், அலைபேசியில் இடக்குறி, அருகிலுள்ள பாறை, ஓடை, எத்தனை அடிக்கு எத்தனை சில்லு என்ற குறிப்பு. இவ்வளவும் போதும். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடு. மண்ணுக்குள்ளிருந்து முழுப் பொருள் ஏதாவது வெளிவந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் உள்ளது.

கடைசியாக, உங்கள் பானை. ஈரமாக இருக்கும்போதே அடியிலும், வயிற்றின் உள்பக்கம் நாலைந்து இடத்திலும் ஆணியால் ஆண்டைக் கீறிவிடுங்கள். நன்றாக வந்த பானை பத்து வருடம் கழித்து யாரையாவது ஏமாற்றும். உடைத்த சில்லுகளைக் குப்பையோடு வயலில் கொட்டவே கூடாது. உரலில் இடித்து, ஒரு மி.மீ. சல்லடையில் சலித்து வையுங்கள். அடுத்த பானைக்கு மணலில் பாதியைக் குறைத்து இந்த ஓட்டுத்தூளைச் சேர்த்தால் விரிசல் இன்னும் குறையும்.